மதியப் பால்

என் மகள் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்தபோது பேரனுக்கு ஐந்து மாதம். காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் வருகிறவர்களுக்குச் சேலை விரித்துக் காட்டும் வேலை. மருமகன் சரக்கு லாரி ஓட்டுகிறார். வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் பிரசவத்துக்கு வந்தவள் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

எங்கள் வீட்டில் முன்பக்கம் ஒரு நீள அறை, அதில் என் குழித்தறி. அதற்குப் பின்னால் சமையலறை. அதையும் தாண்டினால் கொஞ்சம் மண், ஒரு குழாய், ஒரு செம்பருத்திச் செடி. நான் பள்ளத்தில் காலை விட்டுத் தறியில் உட்கார்ந்தால் முகம் தெருப்பக்கம் இருக்கும். சமையலறை முதுகுக்குப் பின்னால். பின்னால் நடப்பது எல்லாம் காதில் விழும், கண்ணில் படாது. இதைச் சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள உதவும்.

தடுப்பூசி விஷயமாக வீட்டுக்கு வந்த நர்ஸ் அம்மா ஒருநாள் என் மகளிடமும் மனைவியிடமும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மாதத்துக்காவது வேறு பால் வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும் என்றார்.

"நான் வேலைக்குப் போவணுமே மேடம்" என்றாள் மகள்.

"காலையில குடுத்துட்டுப் போ. சாயந்திரம் வந்து குடு. மத்தியானத்துக்கு மட்டும் எடுத்து அனுப்பு. ஐஸ் வெச்சு அனுப்பினா ஒண்ணும் ஆவாது. கொதிக்க வெக்கக் கூடாது. வெந்நீருக்குள்ள பாட்டில நிக்க வெச்சா போதும். பாலாடைச் சங்குல குடுங்க."

"சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று என் மனைவி ஒவ்வொன்றுக்கும் சொன்னாள்.

இந்தப் பேச்சு ஆண்கள் கேட்கிற பேச்சு இல்லை. கேட்டும் கேட்காததுபோல் நான் இழைகளுக்கு நடுவே நாடாவை விட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸ் போன பிறகு, "யாரும்மா தினம் வந்து எடுத்துக்கினு வர்றது?" என்று மகள் கேட்டாள். பிள்ளையை வைத்துக்கொண்டு மனைவி போக முடியாது. நான் திரும்பாமலேயே, "நான் போறேன்" என்றேன்.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களா? எதிர்ல சம்பந்தி வந்தாலே சந்துல பூந்துக்கிற ஆளு. அத்தினி பொம்பளைங்க இருக்கிற கடையில போய் நின்னு பால் வாங்கிக்கினு வருவீங்களா?"

"பின்பக்கமா போய் நிக்கிறேன்."

"அப்பா போவும்மா" என்றாள் மகள். அவள் குரலில் இருந்த நம்பிக்கை எனக்குப் போதுமாக இருந்தது.

நான் கூச்சக்காரன். அஞ்சாம் வகுப்போடு தறிக்கு வந்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. என் மகள் பிறந்தபோது அவளை வளர்த்ததில் எனக்கு என்ன பங்கு என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பால் கொடுக்கும் நேரத்தில் ஆண் அந்தப் பக்கம் போகக்கூடாது. தூங்கும் நேரத்தில் தொடக்கூடாது. அழுதால் பெண்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். தறி ஓடும் சத்தத்தில் தூளியில் அவள் தூங்கினாள். அந்தச் சத்தம்தான் நான் கொடுத்தது. இப்போது முதல்முறையாக ஒரு பிள்ளையின் வயிற்றுக்குப் போவதை என் கையில் கொடுக்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

தினமும் மதியம் நாடாவை நிறுத்திவிட்டுச் சைக்கிளை எடுப்பேன். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் வாய் அகன்ற பிளாஸ்க், அதற்குள் மூடி போட்ட சின்ன பாட்டில். கண் பட்டுவிடும் என்று மனைவி பையில் ஒரு கரித்துண்டும் காய்ந்த மிளகாய் ஒன்றும் போட்டுவிடுவாள். "வழியில யார் கேட்டாலும் பால்னு சொல்லாதீங்க. தாய்ப்பால் மேல கண்ணு பட்டா மாரு வத்திப்பூடும்" என்பாள்.

கடையின் பின்பக்கம் ஒரு இரும்புக் கதவு. அங்கே ஒரு வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் நாளே கேட்டார்.

"இன்னா பெரியவரே, பொண்ணுக்கு சாப்பாடா?"

"ஆமாங்க."

மகள் வந்து பையை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். சரக்கு வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுப்பாள். வாடிக்கையாளர்களுக்குக் குளிர்பானம் வைத்திருக்கும் பெட்டியிலிருந்து ஐஸ் போட்டுப் பையைத் திருப்பித் தருவாள். நான் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்புவேன். சில நாள் போனதும் வாட்ச்மேனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எல்லாரும் வூட்லேர்ந்து கடைக்கு சாப்பாடு எடுத்துக்கினு வர்றாங்க. நீங்க இன்னாடான்னா கடையிலேர்ந்து வூட்டுக்கு எடுத்துக்கினு போறீங்க. கொண்டாரும்போது லேசா தொங்குது, போவும்போது கனமா தொங்குதே!"

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. மாடி ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியும். அடுத்த நாளிலிருந்து நான் சைக்கிளை நிறுத்தும்போதே, "யக்கா, பால்காரர் வந்துட்டாரு!" என்று ஒரு பெண் உள்ளே குரல் கொடுப்பாள். முதலில் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அந்தப் பேர் பிடித்துவிட்டது. எனக்கு யாரும் பட்டப்பேர் வைத்ததே இல்லை.

திரும்பி வரும்போது கோயிலுக்கு வரும் வெளியூர் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். ஐஸ் கரைந்துவிடுமே என்று சந்துகளில் புகுந்து வருவேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே பையை வாங்கிக்கொள்வாள்.

"சரி, நீங்க போய்த் தறியில குந்துங்க. ஆம்பள பாக்கக் கூடாது."

நான் போய் உட்கார்வேன். பின்னால் பாத்திரம் சத்தம் கேட்கும். பேரன் சப்புக்கொட்டிக் குடிப்பது கேட்கும். "குடிறா ராஜா, ஒங்கம்மா பாலு" என்று அவள் கொஞ்சுவது கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே நாடாவை விடுவேன். அந்த நாட்களில் நெய்த சேலையில் எனக்கு ஒரு இழைகூட அறுந்ததாக ஞாபகம் இல்லை.

பேரனுக்குக் கன்னம் வைத்தது. தொடையில் மடிப்பு விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் காலையில் சேலைக்கான பாவு நூலைத் தெருவில் நீளக் கட்டி இழை சரி பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வேலைக்கு அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் கை கொடுப்பார்கள். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவியும் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர், "பையன் கும்முனு இருக்கானே, இன்னா குடுக்கிறீங்க?" என்றார். ஜென்மத்தில் பெருமை பேசாதவன் நான். அன்றைக்கு வாய் திறந்துவிட்டேன்.

"ஒண்ணும் இல்ல. தாய்ப்பால்தான். மத்தியானம் மத்தியானம் நானே போய் எடுத்துக்கினு வந்து குடுக்கிறேன். நான் தூக்கிக்கினு வந்த பாலு, அதான் ஏறியிருக்குது."

எல்லாரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். கண் படும் என்று மனைவி அதட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் தறியில் ஏதோ சிக்கல். பாவுக்குப் போட்ட கஞ்சி கையில் ஒட்டிக்கொண்டது. கழுவலாம் என்று எழுந்து பின்பக்கம் போனேன். மனைவி செம்பருத்திக்குக் கீழே குனிந்திருந்தாள். கையில் அந்தப் பாட்டில். வேரடி மண் வெள்ளையாக நனைந்திருந்தது. நான் கொண்டுவந்து கொடுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

அவள் திடுக்கிட்டாள். பிறகு, "இன்னிக்குக் கெட்டுப்பூடுச்சுங்க. நாத்தம் வந்துடுச்சு" என்றாள்.

என் மேல்தான் தப்பு என்று நினைத்தேன். அன்று வழியில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்காக நின்றிருந்தேன். மறுநாளிலிருந்து ஜூஸ் கடையில் கேட்டு இன்னும் கொஞ்சம் ஐஸ் வாங்கிப் போட்டேன். பிளாஸ்க்கைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினேன். சாக்கு நனைந்து சட்டை, வேட்டி எல்லாம் ஈரமாகும். அந்தக் கோலத்தில் கடைத்தெருவில் போக எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன். மனைவி அந்தச் சாக்கைத் தினமும் பார்த்தாள். ஏன் கட்டினேன் என்று அவளுக்குத் தெரியும். பேசாமல் அவிழ்த்துக் காயப்போட்டாள்.

உண்மையைச் சொன்னது பால் பூத் அம்மா. ஒருநாள் காலையில் மனைவிக்குக் காய்ச்சல். பால் பாக்கெட் வாங்க நான் போனேன். ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"இன்னாண்ணா, ஒண்ணு போதுமா? பேரனுக்கு?" என்றார்.

"பேரனுக்குத் தாய்ப்பால்ங்க."

அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "யாரு சொன்னது? தெருவுல பாவு போடச்சே பெருசா பேசுனீங்களாமே, கேள்விப்பட்டேன். ஒங்க வூட்டம்மா தெனம் தனியா ஒரு சின்ன பாக்கெட் வாங்குது, புள்ளைக்குத் தண்ணி கலந்து குடுக்கிறேன்னு. நல்லா தூங்குறான்னு எங்கிட்டயே சொல்லுச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் இன்னொரு பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டையும் மனைவி முன்னால் வைத்தேன். அவள் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"மொத நாளு குடுத்தேன்ங்க" என்றாள். "சத்தியமா குடுத்தேன். அப்பிடியே கக்கிட்டான். ரெண்டாம் நாளும் கக்கினான், வயிறாலயும் போச்சு. எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. எடுத்து வெச்ச பாலு தாயி மொகம் பாக்காத பாலு. அது ஒட்டாது. பசும்பால்ல தண்ணி கலந்து குடுத்தேன், தூங்கினான். அப்புறம் அதையே குடுத்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். மகளிடம் சொல்லாமல் இருக்கக்கூடாது, அவள் ஏமாந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஆள் பார்க்காத நேரத்தில் அந்த அறையில் நின்று அவள் எடுத்துத் தருகிறாள். அவள் மனசு என்ன பாடுபடும்?

"எங்க போறீங்க? அவகிட்டயா?" என்றாள் மனைவி. "அவளுக்கும் தெரியும்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மொதல்லேர்ந்தேவா?"

"மொதல்லேர்ந்தே."

அன்று மதியம் வழக்கம்போலக் கடைக்குப் போனேன். மாடியிலிருந்து "பால்காரர் வந்துட்டாரு" என்ற குரல் வந்தது. மகள் வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மனைவி போன் பண்ணியும் சொல்லியிருக்கலாம். வாட்ச்மேன் காதில் விழாமல் சுவர் ஓரமாக அழைத்துப் போனாள்.

"அப்பா, அம்மா சொன்ன அன்னிக்கி நான் அழுதேன்பா. அம்மாகிட்ட சண்டை போட்டேன். 'அப்படின்னா புள்ளையத் தூக்கிக்கினு போயி நீயே பாத்துக்கோ, எனக்குத் தெரியாது'ன்னுச்சு. அம்மா பாக்கலன்னா நான் வேலைக்கு வர முடியுமா? ராத்திரியும் காலையிலயும் என் பாலு குடிக்கிறான் இல்ல, அது போதும்னு வுட்டுட்டேன்."

"அப்போ இது?" என்று பையைக் காட்டினேன்.

"மத்தியானம் எடுக்கலன்னா கல்லு மாதிரி கட்டிக்குதுப்பா. யூனிபார்ம் சேலை நனைஞ்சுபூடுது. கஸ்டமர் முன்னால எப்பிடி நிக்கிறது? எடுக்காம வுட்டா ராத்திரிப் பாலும் வத்திப்பூடும்."

"எடுத்து இங்கயே கொட்டிட்டா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இங்க எங்கப்பா கொட்டுறது? பாத்ரூம் சாக்கடைதான் இருக்குது. தாய்ப்பாலச் சாக்கடையில ஊத்தக் கூடாது, கால் படுற எடத்துல ஊத்தக் கூடாது, செடிக்குத்தான் ஊத்தணும்னு அம்மா சொல்லுச்சு. இல்லன்னா மாரு வத்திப்பூடும்னு. எனக்கும் பயமா இருந்துச்சு."

பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கியது. பேரனுக்காக நான் பால் கொண்டுபோகவில்லை. கொட்டுவதற்கு வீட்டில் ஒரு செடி இருக்கிறது. கடையிலிருந்து செடிவரைக்கும் தூக்கிப் போக ஒரு ஆள் வேண்டும். அது நான். கரித்துண்டு, மிளகாய், "ஆம்பள பாக்கக் கூடாது", "குடிறா ராஜா ஒங்கம்மா பாலு" எல்லாம் எனக்காக.

"சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொன்னா கொட்டுறதுக்காகத் தெனம் இந்த வெயில்ல வருவியா? அதுவும் இல்லாம..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தப்பா. எப்பிடிச் சொல்றது?"

நான் வந்திருப்பேன். அதுதான் இன்றுவரைக்கும் என்னை அறுக்கிறது. "அப்பா, எனக்கு வலிக்குது, இதைச் செடியில கொண்டுபோய் ஊத்துப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதற்கென்றே வந்திருப்பேன். வெயிலும் வாட்ச்மேனும் ஒரு பொருட்டா? தெருவில் மட்டும் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். பால் பூத்தில் சிரிப்பு வாங்கியிருக்க மாட்டேன். ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

அன்று பாலைக் கொண்டுவந்ததும் மனைவி கையில் கொடுக்கவில்லை. நானே அடுப்பில் வெந்நீர் வைத்தேன். பாட்டிலை அதில் நிற்க வைத்தேன். நர்ஸ் சொன்னது எல்லாம் எனக்கு மனப்பாடம். பாலாடையைக் கழுவி எடுத்துக்கொண்டு, பேரனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறை. மனைவி போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லை.

பாலாடையை உதட்டில் வைத்தேன். அவன் நாக்கை நீட்டிப் பார்த்தான். பிறகு வாயை இறுக்க மூடிக்கொண்டான். இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். முகத்தைத் திருப்பினான். பால் கன்னத்தில் வழிந்து கழுத்து மடிப்பில் இறங்கியது. "குடிறா, ஒங்கம்மா பாலுடா" என்றேன். அவன் முதுகை வளைத்துக்கொண்டு கத்தினான்.

"நான் பொய்யா சொன்னேன்?" என்று கேட்டாள் மனைவி. ஜெயித்த குரல் இல்லை. களைப்பாகத்தான் கேட்டாள். அவளே போய்ப் பசும்பாலில் தண்ணீர் கலந்து ஆற்றிக் கொண்டுவந்தாள். அவன் அவள் கைக்குத் தாவினான். நான் தினமும் தறியில் கேட்ட அதே சப்புக்கொட்டல். இவ்வளவு நாளும் எனக்குச் சந்தோஷம் கொடுத்த சத்தம் அந்தப் பாலுக்கானது.

மீதியை நான் செம்பருத்திக்கு ஊற்றவில்லை. மனைவிதான் எடுத்துப்போய் ஊற்றினாள். அந்தச் செடி அந்த வருஷம் அப்படிப் பூத்தது. தினமும் பறித்துச் சாமி படத்துக்கு வைப்பாள். "செடி நல்லா வந்துடுச்சே" என்று நானே ஒருமுறை சொல்லியிருந்தேன். அதற்கும் அவள் பதில் சொல்லவில்லை என்பது பிறகு ஞாபகம் வந்தது.

நான் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. மகளுக்கு வலிக்கும் என்று தெரிந்த பிறகு எப்படி நிறுத்துவது? ஆனால் ஈரச் சாக்கு கட்டவில்லை. ஐஸ் வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். திரும்பி வரும் வழியில் ஒரு சந்து முனையில் அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும். அடியில் கல் கட்டி யாரும் மிதிக்காத மண். அங்கே சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, பாலை வேரில் ஊற்றிவிட்டு வருவேன். எங்கள் வீட்டுச் செடிக்குக் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை.

முதல் நாள் மனைவி பாட்டிலைத் திறந்து பார்த்தாள். காலி. என்னைப் பார்த்தாள். நான் தறிக்குள் இறங்கிவிட்டேன். அன்று சாயந்திரம் சமையலறையில் அவளும் மகளும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அதுவும் என் காதில் விழுந்தது. இருவரில் யாரும் வந்து என்னைக் கேட்கவில்லை. மறுநாள் பையில் கரித்துண்டு இல்லை.

பேரனுக்கு ஒரு வயது முடிந்ததும் குலதெய்வம் கோயிலில் காது குத்தினோம். மருமகனும் வந்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் பிள்ளையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா, "வேலைக்கும் போயிக்கினு எப்பிடிம்மா இவ்ளோ நல்லா வளத்தீங்க?" என்று கேட்டார்.

என் மனைவி என் பக்கம் கையைக் காட்டினாள். "எல்லாம் இவரு வளத்ததுதான். மாசக்கணக்கா வெயில்ல சைக்கிள் மிதிச்சு, மத்தியானம் மத்தியானம் தாய்ப்பால் கொண்டாந்து குடுத்தாரு. தாத்தா தூக்கிக்கினு வந்த பால்ல வளந்த புள்ள."

மனசாரத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். என்னைச் சமாதானப்படுத்த அவளுக்குத் தெரிந்த வழி அது. மகள் பிள்ளையின் காதைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். கூட்டத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மருமகன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, இது எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாருங்க, எவ்ளோ வெக்கம் மனுஷனுக்கு!" என்று சம்பந்தியம்மா சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.